தேதியைக் கேட்காத கடிகாரம்: இரண்டு ஊர் நேரம் பார்க்கும் கருவிகளில் எதை நம்பலாம்?

டொரண்டோவில் இப்போது மணி என்ன என்று கேட்டால் எந்த ஃபோனும் சொல்லிவிடும். 2026 நவம்பர் 4 அன்று டொரண்டோ நேரம் காலை 10 மணிக்கு இன்டர்வியூ, சென்னையில் எத்தனை மணிக்கு லேப்டாப்பைத் திறந்து உட்கார வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், சங்கதி மாறிவிடும். அக்டோபரில் ஃபோனைப் பார்த்தால் வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம் என்று காட்டும். அதைக் கூட்டினால் இரவு 7:30 வருகிறது. சரியான விடை 8:30. இதிலாவது ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருப்பதோடு போயிற்று. பிப்ரவரியில் உட்கார்ந்து இதே கணக்கை மார்ச் 10க்குப் போட்டால் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்க வேண்டியதுதான்.

நேரம் ஒப்பிடும் ஆப், தளம், காலண்டர், வாட்ச் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அது தேதி கேட்கிறதா? தேதி கேட்காமல் விடை சொல்கிற கருவி இன்றைக்கு மட்டும் உதவும். அழகு, விட்ஜெட், நிறம் எல்லாம் அதற்கப்புறம்.

மூன்று புதன்கிழமைச் சோதனை

புதிதாக ஒரு ஆப்பை இறக்கினால் அதை நம்பலாமா என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. டொரண்டோ, லண்டன், சென்னை மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டொரண்டோவில் காலை 10 மணி என்று வைத்து, 2026 அக்டோபர் 21, அக்டோபர் 28, நவம்பர் 4 ஆகிய மூன்று புதன்கிழமைகளுக்கும் விடை பாருங்கள். லண்டனுக்குப் பிற்பகல் 3, 2, மறுபடி 3 என்று வர வேண்டும். சென்னைக்கு இரவு 7:30, 7:30, 8:30. நடுவில் வருகிற அந்த 2 மணி வரவில்லை என்றால் ஆப்பை அழித்துவிடலாம்.

ஏன் இப்படி ஆடுகிறது? கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திய கடிகாரத்தை ஐரோப்பாவும் பிரிட்டனும் அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் தள்ளுகின்றன. அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் நவம்பர் முதல் ஞாயிறுதான் தள்ளுகின்றன. இடைப்பட்ட ஒரு வாரம் லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம் நான்காகக் குறைகிறது. மார்ச்சில் இந்த இடைவெளி இன்னும் நீளம். அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் இரண்டாவது ஞாயிறு மாற்றம், ஐரோப்பாவில் கடைசி ஞாயிறு. 2026இல் மார்ச் 8 முதல் 29 வரை முழுதாக மூன்று வாரம். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஊர்களில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. அதனாலேயே அங்கிருப்பவர்களுக்கு இந்த ஆட்டம் மறந்துபோகிறது.

இதைவிடக் கடினமான ஜோடி லண்டனும் சிட்னியும். ஒன்று வடக்கு, ஒன்று தெற்கு. ஓர் ஊர் முன்னால் நகர்த்துகிற பருவத்தில் மற்றது பின்னால் நகர்த்தும். 2026இல் மார்ச் 29 வரை 11 மணி நேரம், ஏப்ரல் 5 வரை 10, அக்டோபர் 4 வரை 9, அக்டோபர் 25 வரை மறுபடி 10, அதற்குப் பிறகு 11. ஒரே வருடத்தில் நான்கு மாற்றம். இந்த ஜோடிக்கு ஒற்றை எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர் வருடத்தில் பாதி நாள் தப்பாகத்தான் சொல்வார்.

ஃபோனில் உள்ள உலகக் கடிகாரம்

ஐஃபோனின் கடிகார ஆப்பில் உலகக் கடிகாரப் பக்கத்துக்குப் போய்ப் பிளஸ் குறியைத் தட்டி ஊரைச் சேர்க்கலாம். ஆண்ட்ராய்டில் கூகுள் கடிகாரத்திலும் அதே கதைதான். ‘அங்கே இப்போது விழித்திருப்பார்களா?’ என்ற ஒரு கேள்விக்கு இதைவிட வேகமான விடை கிடையாது. ஐஃபோன் விட்ஜெட்டில் முள் கடிகாரத்தின் முகம் பகலில் வெள்ளையாகவும் இரவில் கருப்பாகவும் மாறுவது சின்ன விஷயம்தான், ஆனால் மணியைப் படிக்கும் முன்பே கண் புரிந்துகொள்கிறது. சென்னைக்கும் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கும் கோடையில் வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம். முட்களை மட்டும் பார்த்தால் அரை மணி நேரம்தான் தள்ளியிருப்பது போலத் தோன்றும். நிறம் இல்லாவிட்டால் அங்கே நள்ளிரவு என்பதே உறைக்காது.

கூகுள் கடிகாரத்தில் பலரும் கவனிக்காத ஒன்று, வெளியூர் போனால் சொந்த ஊர் நேரத்தைத் தானாகக் காட்டும் ‘ஹோம் கிளாக்’ அமைப்பு. பயணத்துக்கு முன்பே செட்டிங்ஸில் சொந்த ஊரைச் சரியாகக் குறித்து வைத்துவிட்டால் போதும்.

குறை மேலே சொன்னதுதான். இரண்டு ஆப்பிலும் அந்தப் பட்டியல் இந்த நிமிடத்தைத்தான் காட்டுகிறது. ‘அடுத்த மாதம் 12ஆம் தேதி’ என்று கேட்க அதில் இடமில்லை. ஆனால் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் வித்தியாச எண்ணைப் பெருமையாகப் போட்டிருக்கும். அந்த எண்தான் வம்பு. அதைப் பார்த்து எதிர்காலக் கணக்குப் போடத் தோன்றும், போடாதீர்கள்.

டைம் அண்ட் டேட், வேர்ல்டு டைம் படி

நார்வேயின் ஸ்டாவங்கரில் இருந்து நடத்தப்படும் டைம் அண்ட் டேட் தளம் பார்க்கப் பழைய பாணி, விளம்பரம் வேறு. ஆனால் உள்ளே சரக்கு இருக்கிறது. மீட்டிங் பிளானர் என்ற பக்கத்தில் முதலில் தேதி, பிறகு ஊர்கள். விடை ஓர் அட்டவணையாக வரும். வேலை நேரம் பச்சை, விளிம்பு நேரம் மஞ்சள், தூங்கும் நேரம் சிவப்பு. எல்லாப் பத்தியிலும் பச்சையாக ஒரு வரிசை இருக்கிறதா என்று கண்ணை ஓட்டினால் போதும். சென்னையையும் டொரண்டோவையும் வைத்தால் அப்படி ஒரு வரிசை கிடைக்காது, அது தளத்தின் குற்றமில்லை, பூமியின் அமைப்பு அப்படி.

இதே தளத்தில் ஒவ்வொரு ஊருக்கும் தனிப்பக்கம் உண்டு. அதில் டைம் ஸோன் பிரிவைத் திறந்தால் கடிகாரம் எந்தத் தேதியில் மாறுகிறது என்று வருட வாரியாகப் போட்டிருக்கும். இரண்டு ஊருக்கும் இந்தப் பக்கத்தைத் திறந்து, மாற்றத் தேதிகளை மட்டும் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க வேறு கருவியே வேண்டாம். இன்னொன்று, ஈவென்ட் டைம் அனவுன்சர். நிகழ்ச்சியின் நேரத்தையும் ஊரையும் கொடுத்தால் ஒரு இணைப்பு கிடைக்கும்; திறக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் நேரம் தெரியும். நான்கைந்து நாட்டில் உறவுக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் ‘எங்களுக்கு எத்தனை மணி?’ என்ற கேள்வியை இது அடக்கிவிடும்.

வேர்ல்டு டைம் படி (World Time Buddy) என்ற தளம் வேறு ரகம். ஊர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும், மணிகள் இடமிருந்து வலமாக ஓடும். மேலே தேதியைத் தட்டிவிட்டு, மணிகளின் மேல் இழுத்தால் எல்லா ஊரிலும் அந்த நேரம் ஒரே கட்டத்துக்குள் மாட்டும். அரை மணி வித்தியாசமுள்ள ஊர்களுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் பொடி எழுத்தில் 30 என்று போட்டிருப்பது நல்ல யோசனை. ஆனால் ஃபோன் திரையில் அது கண்ணில் படாமல் போகிறது. காலை 9:30ஐ 9 என்று படித்துவிட்டு ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம். பெரிய திரையில் பார்த்தால் தொல்லையில்லை. இலவசமாகச் சேர்க்கும் ஊர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, இரண்டு ஊருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

இரண்டில் எது? வேகமாக இழுத்து இழுத்துப் பார்க்க வேர்ல்டு டைம் படி. ஆறு மாதம் தள்ளி உள்ள தேதிக்கு, சந்தேகத்துக்கு இடமில்லாத விடை வேண்டுமென்றால் டைம் அண்ட் டேட்.

காலண்டர்தான் உண்மையான கருவி

ஒருமுறைப் பேச்சுக்கு மேலே சொன்ன தளங்கள் போதும். வாரா வாரம் நடக்கிற பேச்சு, வகுப்பு, மீட்டிங் என்றால் காலண்டர்தான் வழி. கூகுள் காலண்டரில் கணினியில் செட்டிங்ஸ், அதற்குள் டைம் ஸோன், அங்கே இரண்டாவது ஸோனைக் காட்டும் கட்டத்தை டிக் செய்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் போடும் இடத்தில் ‘அங்கே’ ‘இங்கே’ என்றே போட்டுக்கொள்ளலாம். நாள்காட்டியின் ஓரத்தில் இரண்டு மணிப் பட்டை பக்கத்தில் பக்கத்தில் ஓடும். டெஸ்க்டாப் அவுட்லுக்கிலும் ஆப்ஷன்ஸ் பக்கத்தின் காலண்டர் பிரிவில் இதே வசதி உண்டு. அதில் மூன்றாவது ஊரையும் சேர்க்கலாம்.

தவறு நடப்பது இங்கே அல்ல, நிகழ்ச்சியை உருவாக்கும்போது. வாராந்திர நிகழ்ச்சி எந்த ஊர்க் கடிகாரத்தில் கட்டப்பட்டிருக்கிறதோ அந்த ஊரில்தான் நேரம் அசையாமல் நிற்கும். சென்னையில் இருப்பவர் இரவு 8 மணி என்று உருவாக்கினால், டொரண்டோவில் கோடை முழுக்கக் காலை 10:30, நவம்பரில் இருந்து 9:30. டொரண்டோக்காரர் காலை 10:30 என்று உருவாக்கியிருந்தால் நவம்பரில் சென்னையில் 8 மணி 9 ஆகிவிடும். எது சரி என்பது கருவி சொல்லக்கூடியதல்ல. யாருடைய நாள் அசையக்கூடாதோ, பள்ளிக்குப் பிள்ளையை விடுகிறவர், ஷிஃப்ட் வேலைக்காரர், மாத்திரை நேரம் பார்க்கிறவர், அவர் ஊரில் கட்ட வேண்டும். கூகுள் காலண்டரில் நிகழ்ச்சியைத் திறந்து நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள டைம் ஸோன் என்ற எழுத்தைத் தட்டினால் கட்டும் ஊரை மாற்றலாம். உருவாக்குபவர் எங்கே இருந்தாலும் பரவாயில்லை.

அதே இடத்தில், தொடக்கத்துக்கு ஓர் ஊர், முடிவுக்கு வேறு ஊர் என்று பிரித்துக் கொடுக்கவும் வழி உண்டு. விமானப் பயணத்தைக் காலண்டரில் போட இதைத்தான் பயன்படுத்த வேண்டும். டிக்கெட்டில் புறப்பாடு புறப்படும் ஊர் நேரத்திலும் வருகை இறங்கும் ஊர் நேரத்திலும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் ஒரே ஸோனில் போட்டால் பதினைந்து மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரமாகச் சுருங்கியோ இருபத்தைந்தாக நீண்டோ நிற்கும். விமான நிலையத்துக்கு ஆள் அனுப்புகிறவர் அதைப் பார்த்துத்தான் வண்டி எடுப்பார்.

ஐஃபோன் காலண்டரில் ‘டைம் ஸோன் ஓவர்ரைடு’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஆள் எந்த நாட்டுக்குப் போனாலும் காலண்டர் குறித்த ஊர் நேரத்திலேயே நிற்கும். ஒரு வாரப் பயணத்தில் ஊர் வேலைகளைத் தொடர்கிறவர்களுக்கு நல்லது. திரும்பி வந்ததும் அணைக்க மறந்தால், அடுத்த பயணத்தில் ஏன் எல்லாம் இடம் மாறியிருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

விண்டோஸில் பணிப்பட்டைக் கடிகாரத்துடன் கூடுதலாக இரண்டு ஊரைச் சேர்க்கலாம். டேட் அண்ட் டைம் அமைப்பில் ‘அடிஷனல் கிளாக்ஸ்’ என்று இருக்கும். சொல்ல வேறு எதுவுமில்லை, வேலை செய்கிறது.

கையில் கட்டும் ஜிஎம்டி வாட்ச்: அரை மணிக்காரர்கள் கவனிக்க

இரண்டு ஊர் நேரம் காட்டும் வாட்ச் என்றால் ஜிஎம்டி வாட்ச்சைத்தான் கடைக்காரர் எடுத்து வைப்பார். 1950களில் ரோலெக்ஸ், பான் ஆம் விமானிகளுக்காகக் கொண்டு வந்த ஏற்பாடு. இப்போது எல்லாக் கம்பெனியும் செய்கிறது. சாதாரண முட்களோடு இன்னொரு முள் இருக்கும், 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. அந்த முள் வெளிவட்டத்தில் காட்டும் எண்ணே இரண்டாவது ஊரின் மணி. இரவா பகலா என்ற குழப்பமில்லை.

இதில் இரண்டு வகை. ஒன்றில் உள்ளூர் மணி முள் ஒவ்வொரு மணியாகத் தாவும், 24 மணி முள் நிற்கும். அடிக்கடி பறக்கிறவருக்கு இது வசதி. மற்றதில் 24 மணி முள் தாவும், உள்ளூர் முட்கள் நிற்கும். ஒரே ஊரில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்குப் பேசுகிறவருக்கு இது போதும். வாட்ச் ஆர்வலர்கள் முதல் வகையை ஃப்ளையர் என்றும் இரண்டாவதை காலர் என்றும் சொல்வார்கள்.

இப்போது வம்புக்கு வருவோம். இரண்டு வகையிலும் நிமிட முள் ஒன்றுதான். தாவல் முழு மணியாகத்தான் நடக்கும். சென்னை, கொழும்பு நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்து ஐந்தரை மணி தள்ளி. டொரண்டோவோ லண்டனோ முழு மணிக் கணக்கில் நிற்கிறது. ஆக இந்த ஜோடிக்கு வழக்கமான ஜிஎம்டி வாட்ச் எதுவானாலும் அரை மணி பிசகித்தான் காட்டும்; மணியை அந்த முள்ளில் படித்துவிட்டு அரை மணியை மனத்தில் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். வெளிவட்டத்தைத் திருப்பிச் சரிக்கட்டலாம் என்பார்கள். 24 கிளிக் உள்ள வட்டம் அரை மணியில் நிற்காது, 48 கிளிக் உள்ளதாகப் பார்க்க வேண்டும். அதிலும் நிமிடம் நிமிட முள்ளில்தான், கூட்டல் மனத்தில்தான். காத்மண்டு ஆள் என்றால் இன்னும் கஷ்டம், அங்கே ஐந்தே முக்கால். அரை மணி ஊர்க்காரர்கள் இந்த வாட்ச்சை அழகுக்காக வாங்கலாம், நேரம் பார்க்க என்று வாங்கக்கூடாது.

டிஜிட்டல் வாட்ச்சுகளில் இந்தச் சிக்கல் இல்லை. கேசியோ ஏஇ-1200 வகையில் 48 ஊர்கள், 31 டைம் ஸோன்கள் நிரப்பியே வருகின்றன. டெல்லி, காத்மண்டு இரண்டும் உண்டு. சென்னைக்கு டெல்லியைத் தேர்ந்தெடுத்தால் போதும். குறை வேறிடத்தில்: கோடைக்கால நேரத்தை ஒவ்வொரு ஊருக்கும் கையால்தான் போட்டு அணைக்க வேண்டும். எந்தத் தேதியில் மாறுகிறது என்று வாட்ச்சுக்குத் தெரியாது. ஒரு நாடு தன் நேரத்தையே மாற்றிக்கொண்டால் வாட்ச்சின் பட்டியல் பழையதாகவே கிடக்கும்.

காசே ஆகாத ஒரு கருவியும் உண்டு. சென்னை நேரம் வைத்த முள் வாட்ச்சைத் தலைகீழாகப் பிடித்தால் அது யுடிசி நேரத்தைக் காட்டும். அரைச்சுற்று என்பது மணி முள்ளுக்கு ஆறு மணி, நிமிட முள்ளுக்கு முப்பது நிமிடம். இரண்டும் சேர்ந்து ஐந்தரை. பிற்பகல் 2 மணிக்குத் திருப்பிப் பாருங்கள்: மணி முள் எட்டின் மேல் நிற்கும், நிமிட முள் ஆறில் நிற்கும். ஏழரையா எட்டரையா என்று சந்தேகம் வரும், பிந்தியதை எடுக்க வேண்டும், எட்டரைதான் சரி. குளிர்காலத்தில் லண்டன் நேரமும் இதுவே, கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். எண் அச்சிடாத, கோடு மட்டும் போட்ட வாட்ச்சில் இது இன்னும் சுலபம்.

மணி சரி, அங்கே நாள் எப்படி?

இந்தக் கருவிகள் எல்லாம் மணியைச் சொல்லும். அந்த மணிக்கு அங்கே ஆட்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதைச் சொல்வதில்லை. கொஞ்சமாவது சொல்வது டைம் அண்ட் டேட் மட்டும்தான், சூரிய உதய நேரமும் விடுமுறைப் பட்டியலும் அதில் இருப்பதால்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1982 முதல் அதன் கடிகாரம் யுடிசியை விட எட்டு மணி நேரம் முன்னால். அது நிற்கும் இடத்துக்கு அது ஏறத்தாழ ஒரு மணி நேரம் அதிகம். ஆகவே வருடம் முழுக்கச் சூரியன் உதிப்பது ஏழு மணியை ஒட்டி, மறைவதும் ஏழை ஒட்டி. அங்கே காலை 6:30 என்றால் இருட்டு. சீனாவில் இது உச்சம்: நாடு முழுக்க பெய்ஜிங் நேரம் என்பதால் மேற்கே உரும்சியில் குளிர்காலச் சூரியன் ஒன்பதரைக்கு மேல்தான் எழும். ‘அங்கே மணி எட்டு, எழுந்திருப்பார்கள்’ என்ற கணக்கு அங்கே செல்லாது.

டொரண்டோவில் டிசம்பரில் சூரியன் மாலை 4:40 வாக்கில் மறைந்துவிடும், ஜூனில் இரவு 9 வரை வெளிச்சம். லண்டனில் டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே அஸ்தமனம். சிட்னியில் எல்லாம் தலைகீழ்: ஜூனில் ஐந்து மணிக்கே அஸ்தமனம், டிசம்பரில் எட்டு மணி. சென்னையில் உதயம் வருடம் முழுக்க ஒரு மணி நேரத்துக்குள்தான் ஆடுகிறது. ஆகவே சென்னைக்காரர் ஒருவர் டொரண்டோவில் மாலை ஆறு மணி என்றதும் மனத்தில் வரைகிற படம் பாதி வருடத்துக்குத் தவறு. பேரப்பிள்ளைகள் பூங்காவில் இருக்கிறார்களா வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்களா என்பது மணியில் இல்லை, மாதத்தில் இருக்கிறது.

வார விடுமுறையும் பார்க்க வேண்டும். ரியாத்தில் 2013 முதல் வெள்ளி, சனி. துபாயில் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்கு சனி, ஞாயிறு முழு விடுமுறை, வெள்ளி அரை நாள். காத்மண்டுவில் சனி விடுமுறை. வேலை நேரத்தை நிறம் போட்டுக் காட்டும் எந்த ஆப்பிலும் ரியாத்தைச் சேர்த்து வெள்ளிக்கிழமை என்ன நிறம் என்று பாருங்கள். வேலை நாள் நிறம் வந்தால், அந்த நிறத்தை நம்பி மீட்டிங் வைக்க வேண்டாம்.

குடும்பப் பேச்சுக்கு அலுவலக நேரப் பச்சை நிறமெல்லாம் வேண்டியதில்லை, விழித்திருக்கும் நேரம்தான் வேண்டும். சென்னையில் காலை 6 முதல் இரவு 10 வரை, டொரண்டோவில் காலை 7 முதல் இரவு 10 வரை என்று வைத்துக்கொண்டால், குளிர்காலத்தில் இரண்டு ஜன்னல் திறக்கும்: சென்னை மாலை 5:30 முதல் இரவு 10 வரை, சென்னை காலை 6 முதல் 8:30 வரை. முதலாவது டொரண்டோவில் காலை 7 முதல் 11:30, வேலைக்கு ஓடுகிற நேரம். வார நாளில் ஏழில் இருந்து எட்டரைக்குள் பேசினால்தான் உண்டு. இரண்டாவது அங்கே முந்தின நாள் இரவு 7:30 முதல் 10. நிதானமாகப் பேச இதுதான் நேரம். கோடை வந்ததும் மாலை ஜன்னல் ஒரு மணி நேரம் கூடும், காலை ஜன்னல் 7:30க்கே மூடிவிடும். காலையில் எழுந்து பூஜை, நடை எல்லாம் முடித்து எட்டு மணிக்குப் பேசிப் பழகிய பெரியவர்களுக்கு மார்ச்சில் திடீரென்று பிள்ளைகள் ‘தூக்கம் வருது’ என்று சொல்வது இதனால்தான்.

விதி மாறும்போது கருவி பழசாகிறது

பின்னணியில் ஃபோன், கணினி, தளம் பெரும்பாலானவை ஒரே தரவுத்தளத்தைத்தான் பயன்படுத்துகின்றன. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கியது. 2011 முதல் ஐயானா என்ற இணைய எண் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு பகுதிக்கு ஓர் ஊர்ப் பெயர் என்ற முறை. இந்திய நேரத்துக்கு அதில் ‘ஏசியா/கொல்கத்தா’ மட்டுமே. சில ஆப்களில் சென்னை என்று தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். கொல்கத்தாவைப் போடுங்கள், ஒரு வினாடி வித்தியாசமும் வராது. கொழும்புக்குத் தனிப் பெயர் இருக்கிறது, ஏனென்றால் இலங்கை 1996இல் கடிகாரத்தை ஆறரைக்கும் பிறகு ஆறுக்கும் நகர்த்தி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது.

அரசுகள் விதியை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. மெக்சிகோவின் பெரும்பகுதியும் ஜோர்டானும் 2022இல் கடிகாரம் மாற்றுவதை விட்டன. எகிப்து 2023இல் மறுபடி தொடங்கியது. லெபனானில் 2023 மார்ச்சில் கோடை நேரத்தைத் தள்ளிவைப்பதாகக் கடைசி நேரத்தில் அறிவித்து, சில நிறுவனங்கள் ஏற்க மறுத்து, ஒரே நாட்டில் சில நாள் இரண்டு நேரம் ஓடியது. கஜகஸ்தான் 2024 மார்ச் 1 முதல் முழு நாட்டையும் யுடிசியில் இருந்து ஐந்து மணிக்குக் கொண்டு வந்தது.

கடைசியாகச் சொன்னது நல்ல உரைகல். ஃபோனில் அல்மாட்டியையும் கொல்கத்தாவையும் சேர்த்துப் பாருங்கள். வருடத்தின் எந்த நாளிலும் அல்மாட்டி அரை மணி பின்னால் இருக்க வேண்டும். அரை மணி முன்னால் காட்டினால் அந்தக் கருவியின் தரவு 2024க்கு முந்தியது. மற்ற ஊர் விடைகளையும் சந்தேகிக்கலாம். ஆண்ட்ராய்டு 10க்குப் பிந்திய ஃபோன்களில் இந்தத் தரவைக் கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் வழியாகவே புதுப்பிக்க வழி உண்டு. ஐஃபோனில் ஐஓஎஸ் அப்டேட், விண்டோஸில் விண்டோஸ் அப்டேட். அப்டேட் வருவதே நின்றுபோன பழைய டேப்லெட்டைச் சுவர்க் கடிகாரமாக மாட்டி வைத்திருப்பவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

சுருக்கெழுத்து என்னும் பொறி

கருவி சரியாக இருந்தும் கெடுப்பது மூன்றெழுத்துச் சுருக்கம். ஐஎஸ்டி என்றால் இந்திய நேரம், இஸ்ரேல் நேரம், அயர்லாந்தின் கோடை நேரம் மூன்றுக்கும் பொருந்தும். சிஎஸ்டி என்பது சிகாகோவும் ஆகலாம் சீனாவும் ஆகலாம். ஜூலை மாதத்தில் டொரண்டோ ஆள் பழக்கதோஷத்தில் ‘ஈஎஸ்டி 10 மணி’ என்று எழுதுவார்; ஈஎஸ்டி என்பது அங்கே குளிர்கால நேரம், அவர் மனத்தில் இருப்பது அப்போது நடப்பில் உள்ள கோடை நேரமான ஈடிடி. அந்தச் சுருக்கத்தை அப்படியே கன்வர்ட்டரில் ஒட்டினால் அது எழுத்துப்படி எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தள்ளிவிடும். ஊர்ப் பெயரைப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் ஊரும் சரியான ஊராக இருக்க வேண்டும்: சிட்னி கடிகாரம் மாற்றும், பிரிஸ்பேன் மாற்றாது. பீனிக்ஸ் மாற்றாது, லாஸ் ஏஞ்சல்ஸ் மாற்றும். ‘ஆஸ்திரேலியா நேரம்’ என்று ஒன்று கிடையாது.

செய்தி அனுப்பும்போது இரண்டு ஊரையும் கிழமையோடு எழுதிவிடுவது நல்லது: ‘டொரண்டோ வெள்ளி இரவு 9:30, சென்னை சனி காலை 7:00’. கிழமை விட்டுப்போனால் ஒருவர் ஒரு நாள் முன்னதாகவோ பின்னதாகவோ வந்து நிற்பார், அதிலும் வெள்ளி இரவு, சனி காலை ஜோடியில் கட்டாயம். ‘ஞாயிறு இரவு 12’ என்று எழுதவே வேண்டாம், அது ஞாயிறு தொடங்கும் நேரமா முடியும் நேரமா என்று இருவருக்கும் தெரியாது. 11:59 என்றோ 12:01 என்றோ கிழமையோடு போடுங்கள். மாற்ற நாள் அன்று டொரண்டோவில் விடிகாலை 1 முதல் 2 வரையிலான மணி நவம்பரில் இரண்டு முறை வரும், மார்ச்சில் 2 முதல் 3 வரை வரவே வராது. அந்த நேரத்துக்கு எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது உத்தமம்.